அயர்லாந்து 1541: ‘பிரபு’ ‘ராஜா’ ஆன வருடம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்து வரலாறு என்றால் 1641, 1690 என்றுதானே சொல்வார்கள்? 1541-ல் என்ன இருக்கிறது?

1641-ல் கிளர்ச்சி, 1690-ல் பாய்ன் ஆற்றங்கரைப் போர். ரத்தம் சிந்திய வருடங்கள் மனதில் எளிதாக நின்றுவிடும். 1541-ல் நடந்ததோ டப்ளினில் ஒரு நாடாளுமன்றக் கூட்டம், இங்கிலாந்து மன்னரை அயர்லாந்துக்கும் ராஜாவாக்கிய ஒரு சட்டம், அதைத் தொடர்ந்து தெருவில் மது விருந்து. ஆனாலும் பின்னால் வந்த சண்டைகளில் பாதிக்கு மூலப் பத்திரம் அந்த வருடத்தில்தான் எழுதப்பட்டது. இன்னொன்றையும் கவனிக்கலாம். அன்று ராஜாவுக்குத் தலைவணங்கிய ஐரிஷ் தலைவர்கள் அநேகமாக எல்லோரும் பூசை கேட்கும் கத்தோலிக்கர்கள். ராஜவிசுவாசத்துக்கு விலையாக ஒருநாள் மதத்தைக் கேட்பார்கள் என்று அப்போது யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவ்வளவு பேர் வந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

அதற்கு முன் இங்கிலாந்து மன்னர் அயர்லாந்துக்கு யார்?

‘அயர்லாந்தின் பிரபு’. லத்தீனில் ‘டோமினுஸ் ஹிபெர்னியே’. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி படையோடு அங்கே இறங்கியதிலிருந்து இந்தப் பட்டம் புழக்கத்தில் இருந்தது. 1155-ல் நான்காம் ஏட்ரியன் என்ற போப் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஆணைதான் இந்த உரிமைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. போப் பதவிக்கு வந்த ஒரே ஆங்கிலேயர் அவர்தான் என்பதையும் சேர்த்துப் படித்தால் கதை சுவையாகிவிடும்.

நானூறு வருடம் வசதியாக இருந்த இந்த ஏற்பாடு, எட்டாம் ஹென்றி விவாகரத்துக்காக ரோமோடு உறவை முறித்துக்கொண்டபோது கழுத்தைப் பிடித்தது. 1534-ல் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவர் என்று சட்டம் போட்டுக்கொண்டார். 1538 முடிவில் போப் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்த ஆணை வெளிவந்தது. போப் தந்த நிலம் என்றால், போப் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே? உண்மையான அரசர் போப்தான், ஹென்றி வெறும் குத்தகைக்காரர் என்ற நினைப்பு ஐரிஷ் மக்களிடம் பரவலாக இருந்தது. அதை ஒழிக்க ஒரு புதுப் பட்டம் தேவைப்பட்டது.

தீவு முழுவதும் அவர் ஆட்சிதானா?

பேச்சுக்குத்தான். நடைமுறையில் டப்ளினைச் சுற்றி, வடக்கே டண்டாக் வரை கடலோரமாக நீண்டு, உள்ளே ஒரு நாள் குதிரைப் பயண தூரத்தில் முடிந்துவிடும் ஒரு பட்டைதான் அரசாங்கத்தின் கைக்குள் இருந்தது. அதற்குப் பெயர் ‘பேல்’; வேலி என்று அர்த்தம். வெறும் உவமை என்று நினைக்க வேண்டாம். ஆறடி உயரத்துக்கு இரட்டைக் கரை எடுக்கச் சொல்லி 1490-களில் நாடாளுமன்றமே உத்தரவு போட்டிருந்தது, மாடு திருடர்களுக்குப் பயந்து.

வேலிக்கு வெளியே இரண்டு வகையினர். ஒரு பக்கம் ஓ நீல், ஓ டானல், ஓ பிரையன் போன்ற கெய்லிக் (அதாவது பூர்வீக ஐரிஷ்) குடித் தலைவர்கள். இன்னொரு பக்கம், நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறி ஐரிஷ் பேசி, ஐரிஷ்காரர்களாகவே ஆகிவிட்ட டெஸ்மண்ட், பர்க் போன்ற குடும்பங்கள். கெய்லிக் ஆளுக்கு ஆங்கிலச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. காசு கொடுத்துத் தனியாக உரிமைச் சாசனம் வாங்கினால்தான் உண்டு. அரசு ஆவணங்களில் அவர்களுக்கு இருந்த பெயரே ‘ஐரிஷ் எதிரிகள்’.

‘பட்டுத் தாமஸ்’ கலகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. பேலை மன்னர் பெயரில் பல காலம் நடத்திவந்தது கில்டேர் குடும்பம். 1534 ஜூன் 11 அன்று அந்தக் குடும்பத்து இளைஞர் தாமஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட், டப்ளின் செயின்ட் மேரி மடத்தில் கூடியிருந்த ஆலோசனை மன்றத்துக்குள் நுழைந்து, அரசாங்க வாளை வீசிவிட்டுக் கலகத்தை அறிவித்தார். அவருடைய ஆட்கள் தலைக்கவசத்தில் பட்டுக் குஞ்சம் வைத்திருந்ததால் அந்தப் பட்டப்பெயர். கலகம் தோற்றது. உயிருக்கு உத்தரவாதம் உண்டு என்ற நம்பிக்கையில் சரணடைந்தவரை, ஐந்து சித்தப்பாமாரோடு சேர்த்து 1537 பிப்ரவரியில் லண்டன் டைபர்னில் தூக்கிலிட்டார்கள்.

குடும்பத்தில் மிஞ்சியவன் ஜெரால்ட் என்ற சிறுவன். அவனை ஒளித்துவைத்துக் காப்பாற்றுவதற்காகவே வடக்குத் தலைவர்கள் கூட்டணி சேர்ந்தார்கள். 1540-ல் அவன் ஐரோப்பாவுக்குத் தப்பிவிட்டான். அவனைப் பிடிக்க வேண்டிய ஆளுநர் லியனார்ட் கிரே யார் தெரியுமா? பையனின் தாய்மாமன். மருமகனைத் தப்பவிட்டார் என்பது அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1541 ஜூன் 28 அன்று லண்டனில் அவர் தலை வெட்டப்பட்டது. டப்ளினில் புதுப் பட்டத்துக்காகக் கொண்டாட்டம் நடந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை.

1541 ஜூனில் டப்ளினில் நடந்தது என்ன?

கிரேக்குப் பதிலாக வந்த ஆண்டனி செயின்ட் லெஜர் வேறு மாதிரி ஆள். சண்டையைவிடப் பேச்சு மலிவு என்று கணக்குப் போட்டவர். ஜூன் 13 அன்று நாடாளுமன்றத்தைக் கூட்டினார். வழக்கமாக அந்த மன்றத்தில் பேல் பிரபுக்கள், ஆயர்கள், நகரப் பிரதிநிதிகள் மட்டுமே இருப்பார்கள். இந்த முறை கெய்லிக் தலைவர்கள் சிலரும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவரான மெக் கிலாபாட்ரிக்குக் கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால்தான் ‘பாரன்’ என்ற ஆங்கிலப் பிரபுப் பட்டம் கிடைத்திருந்தது. நாடாளுமன்றத்துக்கு வர வேண்டியதில்லை, மதில் சூழ்ந்த நகரங்களுக்குள் நுழைய வேண்டியதில்லை என்று பரம்பரைச் சலுகை பிடித்துக்கொண்டிருந்த டெஸ்மண்ட் ஏர்ல் (இதுவும் பிரபுப் பட்டமே, பாரனைவிடப் பெரியது), அந்த ஜனவரியில் அதைக் கைவிட்டுவிட்டு இப்போது நேரிலேயே வந்திருந்தார்.

மசோதா ஆங்கிலத்தில் இருந்தது. வந்திருந்தவர்களில் பலருக்கு அது புரியாது. ஆகவே ஆர்மண்ட் ஏர்ல் ஜேம்ஸ் பட்லர் எழுந்து அதை ஐரிஷ் மொழியில் எடுத்துச் சொன்னார். அயர்லாந்தை ஆங்கில ராஜ்யமாக்கிய சட்டம், ஐரிஷ் மொழியில் விளக்கப்பட்ட பிறகே நிறைவேறியது! ஜூன் 18-ல் எல்லாம் முடிந்தது. இங்கிலாந்து மன்னர் யாரோ, அவரும் அவர் வாரிசுகளும் அயர்லாந்துக்கும் மன்னர்கள் என்பதே சாரம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் பாட்டுப் பூசை. நடத்தியவர் டப்ளின் பேராயர் ஜார்ஜ் பிரவுன். சுமார் 2,000 பேர் திரண்டிருந்ததாக செயின்ட் லெஜர் மன்னருக்கு எழுதினார். கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு, பீரங்கி முழக்கம், தெருவுக்குத் தெரு சொக்கப்பனை, ஊராருக்குப் பீப்பாய் பீப்பாயாக மது.

ஹென்றி சந்தோஷப்பட்டாரா?

முணுமுணுத்தார். ராஜா என்றால் ராஜா மாதிரி வருமானம் வேண்டாமா, கையில் காசு வராத ராஜ்யத்துக்குக் கிரீடம் எதற்கு என்பது ஒரு குறை. தம் முன்னோர் வாளால் வென்ற நிலத்தை ஏதோ நாடாளுமன்றம் தூக்கிக் கொடுத்த மாதிரி சட்டத்தில் எழுதியிருக்கிறார்களே என்பது இன்னொரு குறை. வாசகத்தை மாற்றச் சொன்னார். இங்கிலாந்தில் புதுப் பட்டம் அறிவிக்கப்பட்டது 1542 ஜனவரியில்தான்.

இந்த மாற்றத்தை நாணயத்தில் பார்க்க முடியுமா?

முடியும், அழகாகவே. 1534 முதல் ஹென்றி அயர்லாந்துக்கென்று அடித்த வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் கிரீடம் சூட்டிய யாழ். யாழுக்கு இருபுறமும் ஒவ்வோர் எழுத்து. ஒரு பக்கம் ஹென்றிக்கு ‘எச்’. மறுபக்கம் அப்போதைய மனைவியின் முதலெழுத்து. ஆன் போலினுக்கு ‘ஏ’. அவர் தலை போனதும் ஜேன் சீமருக்கு ‘ஐ’ (லத்தீன் முறைப்படி). பிறகு கேத்தரின் ஹோவர்டுக்கு ‘கே’. அவரும் 1542 பிப்ரவரியில் வெட்டுப்பாறைக்குப் போனார். ராணிகளின் எழுத்து போய், அரசர் என்பதைக் குறிக்கும் ‘ஆர்’ வந்தது. சுற்று வாசகத்திலும் ‘டோமினுஸ்’ இருந்த காசு மாறி ‘ரெக்ஸ்’ என்ற காசு வந்தது. ஒரு கட்டை விரல் அகல வெள்ளியில் இவ்வளவு விவரம்.

கெய்லிக் தலைவர்கள் எதற்காக ஒப்புக்கொண்டார்கள்?

நிலத்துக்காக. ‘ஒப்படைத்துத் திரும்பப் பெறுதல்’ என்று இந்தத் திட்டத்தைச் சொல்வார்கள். தலைவர் தம் நிலம் முழுவதையும் மன்னருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மன்னர் அதையே அவர் பெயருக்குப் பட்டா போட்டுத் திருப்பிக் கொடுப்பார், கூடவே ஓர் ஆங்கிலப் பிரபுப் பட்டமும். பதிலுக்குத் தலைவர் பழைய குலப்பட்டத்தை விட வேண்டும், போப்பின் அதிகாரத்தை மறுக்க வேண்டும், ஆங்கில உடை, ஆங்கில மொழி, உழவு, வீடு கட்டுதல் என்று மாறிக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே வந்துவிடவில்லை. வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் பெரிய தலைவர் கான் ஓ நீல் (‘பாக்காக்’, அதாவது நொண்டி என்று அடைமொழி) முரண்டு பிடித்தார். செயின்ட் லெஜர் அந்த இலையுதிர்காலத்திலும் குளிரிலும் மூன்று முறை அவருடைய நாடான டிரோனுக்குள் புகுந்து தானியத்தையும் வெண்ணெயையும் அழித்த பிறகே, டிசம்பர் கடைசியில் டண்டாக்கில் வந்து பணிந்தார். 1542 அக்டோபர் 1 அன்று கிரீனிச் அரண்மனையில் அவருக்கு ‘டிரோன் ஏர்ல்’ பட்டம். ஐரிஷில் நன்றி சொன்னார். கூட வந்த பாதிரியார் ஆங்கிலத்தில் பெயர்த்தார். மன்னர் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு, செலவுக்கு 100 பவுண்டு ரொக்கமும் கொடுத்தார். 1543 ஜூலையில் மரோ ஓ பிரையனும் யூலிக் பர்க்கும் அதே கிரீனிச்சில் தொமண்ட், கிளான்ரிக்கார்ட் ஏர்ல்களானார்கள்.

மானஸ் ஓ டானல் தனி ரகம். 1541 ஆகஸ்டில் கேவனில் செயின்ட் லெஜரைச் சந்திக்க அவர் வந்த கோலத்தைப் பார்த்து ஆளுநரே அசந்துபோய் மன்னருக்கு வர்ணித்து எழுதியிருக்கிறார்: தங்க முனைகள் தொங்கும் கருஞ்சிவப்பு வெல்வெட் சட்டை, அதன்மேல் கறுப்பு வெல்வெட் கரை வைத்த சாட்டின் மேலங்கி, இறகு செருகிய தொப்பி. ‘காட்டுமிராண்டி’ என்று லண்டன் நினைத்த மனிதர் அவர். அதற்கு ஒன்பது வருடம் முன்பே புனித கொலம்பாவின் வரலாற்றை ஐரிஷ் உரைநடையில் தொகுத்து முடித்திருந்தவரும் அவரே.

ஆங்கில உடை என்று ஏன் அத்தனை பிடிவாதம்?

1537-ல் ஒரு சட்டமே போட்டார்கள். நெற்றியில் தொங்கும் ஐரிஷ் முடிக்கற்றை கூடாது, மேலுதட்டு மீசை கூடாது, காவி போன்ற குங்குமப்பூச் சாயச் சட்டை கூடாது. சட்டைக்கு ஏழு கஜத்துக்கு மேல் துணி எடுத்தாலும் குற்றம்! ஐரிஷ் சட்டை அவ்வளவு கொசுவத்தோடு இருந்தது. துணியின் அளவே அந்தஸ்து. பேலுக்கு வெளியே இந்தச் சட்டத்தை யாரும் சீந்தவில்லை.

இந்தத் திட்டத்தில் ஓட்டை எங்கே?

தாயாதிகளிடம். ஆங்கிலச் சட்டத்தில் அப்பாவுக்குப் பிறகு மூத்த மகன், விஷயம் முடிந்தது. கெய்லிக் முறை வேறு. தலைவர் உயிரோடு இருக்கும்போதே, ஒரே கொள்ளுத்தாத்தா வழிவந்த ஆண் பங்காளிகளுக்குள் தகுதியானவர் அடுத்தவராகத் தேர்ந்தெடுக்கப்படுவார். மகனாகவும் இருக்கலாம், தம்பியாகவும் இருக்கலாம், ஒன்றுவிட்ட சகோதரராகவும் இருக்கலாம். நிலமும் தலைவரின் சொந்தச் சொத்தல்ல. குலத்தின் பொதுச் சொத்து, அவர் பராமரிப்பவர் மட்டுமே. அந்தப் பொதுச் சொத்தை ஒருவர் தம் பெயரில் பட்டா வாங்கிக்கொண்டு, பங்காளிகளின் முறையையும் சேர்த்து அடைத்துவிட்டால் வீடு அமைதியாக இருக்குமா?

தொமண்டில் புத்திசாலித்தனமாகச் சமாளித்தார்கள். ஏர்ல் பட்டம் மரோவுக்கு ஆயுள்வரை. அவருக்குப் பின் அவர் மகனுக்குப் போகாமல், ஏற்கெனவே வாரிசாகத் தேர்வான அண்ணன் மகன் டோனக்குக்கு. மகன்களுக்குத் தனியாக ‘இஞ்சிகுயின் பாரன்’ பட்டம். இரண்டு முறைக்கும் பாதிப் பாதி.

டிரோனில் அப்படி யோசிக்கவில்லை. கான் தம் வாரிசாகக் காட்டியது மேத்யூவை. அந்த மேத்யூ, டண்டாக்கைச் சேர்ந்த ஒரு கொல்லர் மனைவியின் மகன். பிள்ளை வளர்ந்த பிறகு தாய் கூட்டிவந்து ‘இவன் உங்கள் மகன்’ என்று சொல்ல, கானும் ஏற்றுக்கொண்டார். ஐரிஷ் வழக்கத்தில் அது செல்லும். லண்டனும் அதை அப்படியே பட்டயத்தில் எழுதிவிட்டது. கானின் இன்னொரு மகன் ஷேன் விடுவாரா? 1558-ல் ஷேனின் ஆட்கள் மேத்யூவைக் கொன்றார்கள். முதிர்ந்த கான் பேலுக்கு ஓடிப்போய் அடுத்த வருடம் அங்கே இறந்தார். ‘குலத்துக்குச் சொந்தமான நிலத்தை ஒப்படைக்க என் அப்பாவுக்கு உரிமையே இல்லை’ என்பது ஷேனின் வாதம். என் பார்வையில் சட்டப்படி பதில் சொல்லக் கஷ்டமான வாதம் அது. மேத்யூவின் மகன் ஹ்யூதான் பின்னால் எலிசபெத் ராணியை ஒன்பது வருடப் போரில் திணறடித்து, 1607-ல் கப்பலேறி நாட்டைவிட்டே போன டிரோன் ஏர்ல்.

யாரும் எதிர்க்கவில்லையா?

பாணர்கள் எதிர்த்தார்கள். பணிந்த தலைவர்களைப் பெயர் சொல்லி, குலம் குலமாக ‘வெட்கக்கேடு’ என்று ஏசும் ஒரு பெயர் தெரியாத புலவரின் பாட்டு இந்தக் காலத்தது. ஓ நீல் அரசுரிமையைக் கொடுத்து ஏர்ல் பட்டத்தை வாங்கிக்கொண்டாரே என்பது அதில் ஓர் ஏச்சு. குலப்பட்டம் போனால், அதைப் பாடிப் பிழைக்கும் புலவர் பரம்பரையும் போகும் என்ற கவலையும் அதில் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மடங்களுக்கு என்ன ஆனது?

பேலுக்குள் பெரும்பாலும் 1539, 1540-லேயே மூடப்பட்டன. மெலிஃபாண்ட், செயின்ட் மேரி, கில்மெய்னம் எல்லாம் போயின. 1540–41-ல் அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் மடத்துச் சொத்தைக் கணக்கெடுத்தார்கள். யாருக்குப் போயிற்று என்பதுதான் சுவாரஸ்யம். பக்திமான்களான கத்தோலிக்கப் பிரபுக்கள், வியாபாரிகள், அதிகாரிகள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். தாமஸ் கலகத்தின்போது முற்றுகையைத் தாங்கி நின்றதற்குப் பரிசாக டப்ளின் நகராட்சிக்கு ‘ஆல் ஹாலோஸ்’ மடம் கிடைத்தது. 1592-ல் டிரினிட்டி கல்லூரி எழும்பியது அந்த இடத்தில்தான். கில்மெய்னம் மடத் தலைவர் ஜான் ராசன் தம் மடத்தை ஒப்படைத்துவிட்டு 1541-ல் ‘கிளான்டார்ஃப் விஸ்கவுண்ட்’ ஆனார்.

வேலிக்கு வெளியே நிலைமை வேறு. ஓ டானல் நாட்டிலிருந்த டொனகால் பிரான்சிஸ்கன் மடம் 1601 வரை நடந்துகொண்டிருந்தது.

அப்படியென்றால் 1541-ல் மக்கள் புராட்டஸ்டன்ட் ஆகிவிட்டார்களா?

இல்லவே இல்லை. ஹென்றியே முழு புராட்டஸ்டன்ட் கிடையாது. போப் வேண்டாம் என்றார். லத்தீன் பூசை, குருமாருக்குத் துறவு எல்லாம் அப்படியே இருந்தன. புதுப் பட்டத்துக்கு நன்றிசொல்லப் பாடியதும் பழைய பூசைதான். மக்கள் கண்ணில் பட்ட அடி ஒன்று உண்டென்றால், அது 1538-ல் புனிதப் பொருள்களை அழித்தது. அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக்குக்கு இயேசுவே கொடுத்ததாக நம்பப்பட்ட ‘இயேசுவின் கோல்’ டப்ளினில் தீயில் போடப்பட்டது. யாத்திரிகர் குவிந்த ட்ரிம் மாதா சொரூபமும் போயிற்று.

இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பிரார்த்தனை நூலை 1551-ல் டப்ளினில் அச்சிட்டார்கள். அயர்லாந்தில் அச்சான முதல் புத்தகம் அதுவே. ஆனால் ஆங்கிலத்தில்! ஊர் பேசியதோ ஐரிஷ். டப்ளினில் ஐரிஷ் மொழியில் ஒரு ஞானோபதேசப் புத்தகம் அச்சாக இன்னும் இருபது வருடம் ஆயிற்று. அதற்குள் மக்களுக்குப் புது மதம் ‘ஆங்கிலேயர் மதம்’ ஆகிவிட்டது.

ரோம் சும்மா இருந்ததா?

1542 தவக்காலத்தில் போப்பின் தூதர்களாக சல்மெரோன், ப்ரொயே என்ற இரண்டு இயேசு சபையார் ஸ்காட்லாந்து வழியாக அல்ஸ்டருக்கு வந்தார்கள். சபைக்கு அங்கீகாரம் கிடைத்தே இரண்டு வருடம் ஆகவில்லை. தலைவர்கள் எல்லாம் ஹென்றியிடம் பணிந்துவிட்டிருந்தார்கள். இவர்களுக்கு அடைக்கலம் கொடுக்கப் பயந்தார்கள். 34 நாளில் தூதர்கள் திரும்பிவிட்டார்கள். நம் பக்கத்துக்கு ஒரு நூல் இங்கே ஓடுகிறது: 1534-ல் பாரிஸ் மான்மார்ட்ரில் இந்த சல்மெரோனோடு சேர்ந்து நேர்ச்சை எடுத்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் சவேரியார். 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறிய அவர், 1542 கடைசியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இங்கே அவர் வேலை வேரூன்றிவிட்டது. அங்கே நண்பர் ஒரு மாதம்கூட நிம்மதியாகத் தங்க முடியவில்லை.

பட்டத்தை ரோம் ஏற்றதும் ஒரு விசித்திரம். எட்டாம் ஹென்றியின் மகளும் கத்தோலிக்கருமான மேரி ராணிக்கும் அவர் கணவர் ஃபிலிப்புக்கும் அப்பா போட்ட சட்டத்தின் பட்டத்தை விட மனமில்லை. ஆகவே 1555-ல் நான்காம் பால் போப், தாமே அயர்லாந்தை ராஜ்யமாக உயர்த்துவதாக ஓர் ஆணை வெளியிட்டார். 1541-ல் நடந்ததை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

அந்த ராஜ்யம் எவ்வளவு காலம் இருந்தது? சட்டம் இன்னும் இருக்கிறதா?

1801 ஜனவரி 1 அன்று கிரேட் பிரிட்டனோடு இணைக்கப்படும்வரை தனி ராஜ்யம், தனி நாடாளுமன்றம். சட்டத்தை அயர்லாந்துக் குடியரசு 1962-ல்தான், பழைய சட்டங்களைக் களையெடுத்த ஒரு மொத்தப் பட்டியலில் சேர்த்து ரத்து செய்தது. வட அயர்லாந்தில் அது திருத்தங்களோடு இன்னும் அமலில் இருக்கிறது.